தருமபுரி போர்வெல் தண்ணீருக்கு எந்த வீட்டுச் செடி தாங்கும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: தருமபுரியில் புது வீடு. 12க்கு 14 அடி ஹால், கிழக்கே ஒரு ஜன்னல், மேற்கே ஒரு ஜன்னல். பெயின்ட் வாடை இன்னும் முழுதாகப் போகவில்லை. அம்மாவுக்கு வீசிங் இருக்கிறது. காற்றைச் சுத்தம் செய்கிற, பார்க்கவும் அழகாக இருக்கிற பத்துச் செடிகளின் பெயர் வேண்டும். ஏற்கெனவே வாங்கி வைத்த ஸ்பைடர் பிளான்ட்டும் பீஸ் லில்லியும் நுனி கருகிக்கொண்டே போகின்றன, அது ஏன் என்றும் தெரிய வேண்டும். பத்துப் பெயர் எழுதுவது சுலபம். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது இரண்டு விஷயம்: அம்மா மூச்சு விடும் காற்றை எப்படி நல்லதாக்குவது, நம் ஊர்த் தண்ணீரில் எந்தச் செடி நிற்கும். முதல் கேள்விக்கு விடை செடியில் இல்லை. இரண்டாவதுக்கு நிச்சயமான விடை இருக்கிறது.

‘காற்றைச் சுத்தம் செய்யும் செடிகள்’ என்று சுற்றிவரும் பட்டியல்கள் பெரும்பாலும் 1989இல் நாசா வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கையிலிருந்து கிளம்பியவை. வொல்வெர்ட்டன் என்ற விஞ்ஞானியின் குழு செய்தது. ஆய்வு பொய்யல்ல. ஒரு கன மீட்டருக்கும் குறைவான, காற்றுப் புகாத பெட்டிக்குள் செடியை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ட்ரைகுளோரோஎத்திலீன் ஆகிய ரசாயன ஆவிகளைச் செலுத்தி, எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். குறைந்தது. அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது: இலைகளை நீக்கிய பிறகும் வேர்மண் கணிசமாக வேலை செய்தது, அதாவது வேரைச் சுற்றியுள்ள நுண்ணுயிர்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. நர்சரி போர்டுகளில் இந்த இரண்டாவது பாதி வருவதே இல்லை. உங்கள் ஹால் மூடிய பெட்டியும் அல்ல. கதவிடுக்கு, ஜன்னல், வென்டிலேட்டர் என்று எல்லா வழியிலும் காற்று வந்து போகிறது.

இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்து, அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2019இல், முன்பு வெளிவந்த 12 ஆய்வுகளின் 196 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சாதாரணமாகக் கட்டடத்துக்குள் வந்துபோகும் காற்றே செய்கிற சுத்தத்துக்கு ஈடாக, ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடி வரை வேண்டும் என்று கணக்கு வந்தது. உங்கள் ஹால் 168 சதுர அடி, ஏறத்தாழ 15.6 சதுர மீட்டர். மிகக் குறைந்த கணக்குப்படியே 156 தொட்டி. சோபா போட இடம் இருக்காது. ஆகவே பத்துச் செடி வைத்தால் ஹால் காற்று சுத்தமாகிவிடும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். செடி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. காற்றுக்காக என்று வாங்காமல், கண்ணுக்கும் மனசுக்கும் என்று வாங்குங்கள்.

காற்றுக்கு என்ன செய்வது என்றால், உங்களிடம் கிழக்கும் மேற்குமாக எதிரெதிர் ஜன்னல் இருக்கிறது, அதுவே பெரிய வசதி. காலையில் அரை மணி நேரம், வெயில் தாழ்ந்த பிறகு அரை மணி நேரம் இரண்டையும் சேர்த்துத் திறந்து வையுங்கள். ஒன்றை மட்டும் திறந்தால் காற்று ஓடாது. பெயின்ட் வாடை சில வாரங்களில் குறைந்துவிடும். பிளைவுட், பார்ட்டிகிள் போர்டில் செய்த அலமாரிகளின் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு அப்படி அல்ல, மாதக்கணக்கில் கசியும், வெப்பமும் ஈரமும் கூடும்போது அதிகம் கசியும். அதனால் புது அலமாரிக் கதவுகளையும் ஜன்னல் திறக்கும் நேரத்தில் திறந்து வைப்பது நல்லது. சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன், தாளிக்கும்போது மட்டுமல்ல, அடுப்பு எரியும் நேரம் முழுக்க ஓடட்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கொசுவத்திச் சுருளை நிறுத்துங்கள். 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடியும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று அளந்திருக்கிறது. மூடிய அறையில் வீசிங் உள்ளவருக்கு அது எவ்வளவு கெடுதல் என்று நீங்களே கணக்குப் போடலாம். கொசு வலையும் ஜன்னல் வலையும் போதும். ஊதுவத்தி, சாம்பிராணியை வாசலிலோ பால்கனியிலோ காட்டுங்கள். வீசிங் மருத்துவர் பார்க்க வேண்டியது, எந்தச் செடியும் அதற்கு மருந்து அல்ல.

ஸ்னேக் பிளான்ட் இரவில் ஆக்சிஜன் விடும், பெட்ரூமில் வைக்கலாம் என்பதும் உங்கள் கேள்வியில் இருந்தது. பாதிதான் சரி. ஸ்னேக் பிளான்ட், சோற்றுக்கற்றாழை போன்றவை நீரை மிச்சம் பிடிக்கப் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமிக்கும். ஆனால் ஆக்சிஜன் உண்டாவது வெளிச்சம் படும்போது மட்டும்தான். இருட்டில் எந்தச் செடியும் ஆக்சிஜன் தயாரிக்காது. ஓய்வில் இருக்கும் ஒரு ஆளுக்கே நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர் ஆக்சிஜன் வேண்டும். ஒரு தொட்டிச் செடி அதன் அருகில்கூட வராது. ‘ராத்திரி செடி கரியமில வாயு விடும், பக்கத்தில் படுக்கக்கூடாது’ என்று பெரியவர்கள் சொல்லும் பயமும் இதே அளவில் தேவையில்லாததுதான். பக்கத்தில் படுத்திருக்கும் ஒரு மனிதர் விடுவது பல செடிகள் விடுவதைவிட அதிகம். இருந்தாலும் அம்மாவின் அறையில் செடி வேண்டாம் என்பேன், அதற்குக் காரணம் வேறு. எப்போதும் ஈரமாக இருக்கும் தொட்டி மண்ணில் பூஞ்சணம் பிடிக்கும். அது வீசிங் உள்ளவர்களுக்கு ஆகாது.

இனி நுனி கருகும் விஷயம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். பாறையிலிருந்தே கரைந்து வருவது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டதே அதனால்தான், திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் (ஃப்ளூரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் நோய்) தணிப்பு என்று இருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தரம். மனிதர்களுக்கு வைத்த அந்த 1 மில்லிகிராமே சில செடிகளுக்கு அதிகம். வேர் தண்ணீரை உறிஞ்சும்போது ஃப்ளூரைடும் சேர்ந்து ஏறுகிறது. தண்ணீர் இலை வழியாக ஆவியாகிவிடும், ஃப்ளூரைடு ஆவியாகாது. ஓட்டம் முடிகிற இடமான நுனியிலும் ஓரத்திலும் சேர்ந்து சேர்ந்து அங்குள்ள திசு செத்துப் பழுப்பாகிறது. நீள இலைச் செடிகளில் இது பளிச்சென்று தெரியும். ஸ்பைடர் பிளான்ட், டிரசீனா, கார்டிலைன், பீஸ் லில்லி, கலாத்தியா, சில பாம் வகைகள் ஆகியவை ஃப்ளூரைடு தாங்காதவை. கண்ணாடிக் குடுவையில் கூழாங்கல் போட்டு வைக்கிற லக்கி பாம்பூ மூங்கிலே அல்ல, அதுவும் டிரசீனாதான். போர்த் தண்ணீரில் அது மஞ்சளாவது வாஸ்துக் கோளாறு இல்லை. ‘காற்றுச் சுத்திகரிப்பு’ப் பட்டியலின் மேலே இருக்கும் பெயர்களில் பாதி, நம் தண்ணீருக்கு ஆகாத பெயர்கள் என்பதுதான் இதில் வருத்தம்.

ஆனாலும் உங்கள் வீட்டுச் செடி ஃப்ளூரைடால்தான் கருகுகிறது என்று எழுத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நுனி கருக வேறு காரணங்களும் உண்டு. தொட்டி விளிம்பிலும் மண் மேலும் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் உப்புச் சேர்க்கை. இலை முழுதும் சுருண்டு தளர்ந்து கருகினால் வறட்சி அல்லது மேற்கு ஜன்னல் வெயில். உரம் போட்ட ஒரு வாரத்தில் ஆரம்பித்தால் உரம் அதிகம். மற்றபடி செடி நன்றாக இருந்து, நுனி மட்டும் கோடு போட்டாற்போலப் பழுப்பாகி, முற்றிய இலைகளில் கூடுதலாக இருந்தால் ஃப்ளூரைடு மேல் சந்தேகம் வைக்கலாம். உறுதி செய்ய வழி இரண்டு. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு லிட்டர் சுத்தமான பாட்டிலில் போர்த் தண்ணீரைக் கொடுத்து ஃப்ளூரைடும் டிடிஎஸ்ஸும் (கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) பார்க்கச் சொல்லுங்கள். அல்லது ஒரே மாதிரியான இரண்டு தொட்டியில் ஒன்றுக்கு இரண்டு மாதம் மழைநீர் மட்டும் ஊற்றுங்கள். புதிதாக வரும் இலைகளை மட்டும் ஒப்பிட வேண்டும், கருகிய பழைய நுனி எந்தத் தண்ணீர் ஊற்றினாலும் பச்சையாகத் திரும்பாது. பார்வைக்கு உறுத்தினால் கத்தரியால் இலை வடிவத்தை ஒட்டிச் சாய்வாக வெட்டுங்கள். பச்சைக்குள் போகாமல் ஒரு நூல் பழுப்பை விட்டே வெட்ட வேண்டும், பச்சையில் வெட்டினால் வெட்டிய இடம் மறுபடி காயும். ஆய்வகத்தில் ஃப்ளூரைடு 1.5க்கு மேல் வந்தால் செடியை அப்புறம் பார்க்கலாம், அந்தத் தண்ணீரை முதலில் வீட்டில் யாரும் குடிக்காதீர்கள், சமைக்காதீர்கள், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. காய்ச்சினால் ஃப்ளூரைடு போகாது, நீர் வற்றுவதால் இன்னும் அடர்த்தியாகும்.

தாங்காத செடிகளுக்கு எந்தத் தண்ணீர்? மழைநீர் முதலில். மொட்டை மாடிக் குழாயிலிருந்து, பருவத்தின் முதல் மழையை விட்டுவிட்டு, 200 லிட்டர் டிரம்மில் பிடித்து, மேலே வலைத்துணி இறுக்கிக் கட்டி மூடினால் நான்கைந்து சிறு தொட்டிக்குப் பல மாதம் வரும். ஏசி வைத்திருந்தால் அதன் பைப்பில் சொட்டும் நீரில் உப்பு இல்லை, ஊற்றலாம். ஆர்ஓ இயந்திரத்தின் குடிநீரும் சரி. ஆனால் ஆர்ஓ வெளியேற்றும் கழிவு நீரைச் செடிக்கு விடாதீர்கள். தண்ணீர் வீணாகிறதே என்ற நல்ல எண்ணத்தில் பல வீடுகளில் இதைச் செய்கிறார்கள். நீங்கள் குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த ஃப்ளூரைடும் உப்பும் அடர்த்தியாகச் சேர்ந்திருப்பது அந்தக் கழிவு நீரில்தான். அதைத் தரை துடைக்க, வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று சூப்பர் பாஸ்பேட். அந்த உரத்திலேயே ஃப்ளூரைடு கலந்திருக்கிறது. ஸ்பைடர் பிளான்ட், டிரசீனா தொட்டிகளில் அது வேண்டாம், மண்புழு உரம் போதும்.

வெறும் போர்த் தண்ணீர்தான் கதி என்றால் செடியை மாற்றுங்கள். மணி பிளான்ட், சிங்கோனியம், ரப்பர் செடி, இசட்இசட் பிளான்ட், ஸ்னேக் பிளான்ட், சோற்றுக்கற்றாழை. கடைசி மூன்றும் மாதத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் தண்ணீர் கேட்கும், அதனால் இலைக்குப் போய்ச் சேரும் ஃப்ளூரைடும் குறைவு. ஸ்னேக் பிளான்ட்டின் நெருங்கிய உறவான மருள் நம் பக்கத்து வறண்ட காடுகளிலேயே வளர்கிறது, ஒரு காலத்தில் நார் எடுத்த செடி. எதுவானாலும் மாதம் ஒரு முறை தொட்டியை வெளியே எடுத்துப் போய், தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வழிய விடுங்கள். சேர்ந்த உப்பில் பெரும்பகுதி கழுவிப்போகும். அடியில் ஓட்டை இல்லாத தொட்டியில் இது நடக்காது, அதனால் ஓட்டை இல்லாத தொட்டி வாங்கவே வேண்டாம்.

மண் கலவை நம் ஊரில் தவறுகிற இடம் ஒன்று உண்டு. செம்மண்ணை அப்படியே தொட்டியில் நிரப்பினால் இரண்டு மாதத்தில் செங்கல் மாதிரி இறுகி, தண்ணீர் ஓரத்தில் வழிந்து போகும், நடுவேர் காய்ந்திருக்கும். செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு, கருக்கிய உமி அரைப் பங்கு என்று கலந்தால் வீட்டுக்குள் வைக்கும் பெரும்பாலான செடிகளுக்குச் சரியாக வரும். 650 கிராம் நார்க்கழிவுக் கட்டி ஊறினால் எட்டு லிட்டர் அளவுக்கு உப்பும். ஊறிய முதல் தண்ணீரைப் பிழிந்து கொட்டிவிட்டு மறுபடி ஒரு தரம் அலசுங்கள், கட்டியிலேயே உப்பு இருக்கும். இசட்இசட், ஸ்னேக் பிளான்ட், கற்றாழைக்கு நார்க்கழிவைப் பாதியாக்கி, அந்த இடத்தில் மணல் சேருங்கள். எம் சாண்ட் என்றால் சல்லடையில் சலித்துக் கழுவிய பிறகே. அதிலுள்ள கல் தூள் தொட்டியின் அடியில் சேறாகப் படிந்து ஓட்டையை அடைக்கும்.

தண்ணீர் எப்போது என்பதற்குக் கிழமைக் கணக்கு வேண்டாம், விரல் கணக்கு போதும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் அடியில் வழியும் வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். எட்டு அங்குலத் தொட்டி மணி பிளான்ட்டுக்குச் சித்திரை வெயிலில் மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை வரும், மார்கழியில் எட்டு நாள்கூடத் தாங்கும். இசட்இசட் பதினைந்து இருபது நாள். வீட்டுச் செடிகள் தண்ணீர் இல்லாமல் சாவதைவிட அதிகத் தண்ணீரில் வேர் அழுகிச் சாவதே அதிகம். அடியிலை மஞ்சளாகி, தண்டு அடியில் மெதுமெதுப்பாக இருந்தால் வேர் அழுகல். அப்போது தண்ணீரை நிறுத்தினால் மட்டும் போதாது. செடியை வெளியே எடுத்து, கறுத்த வேர்களை வெட்டி, புதுக் கலவையில் வைக்க வேண்டும்.

வெளிச்சத்தை அளக்க மதியம் செடி வைக்கும் இடத்தில் வெள்ளைத்தாள் வைத்து, ஓர் அடி மேலே கையைப் பிடியுங்கள். விரல்களின் நிழல் தெளிவாக விழுந்தால் நல்ல வெளிச்சம், ரப்பர் செடிக்கு ஏற்ற இடம். கை வடிவம் மங்கலாகத் தெரிந்தால் மணி பிளான்ட், சிங்கோனியம். நிழலே தெரியாத மூலையில் இசட்இசட் மட்டும் கொஞ்ச காலம் பொறுத்துக்கொள்ளும், அதையும் மாதத்தில் பத்து நாள் ஜன்னலோரம் மாற்றி வைக்க வேண்டும். உங்கள் கிழக்கு ஜன்னல் காலை வெயில் எல்லாவற்றுக்கும் நல்லது. மேற்கு ஜன்னலில் பங்குனி முதல் வைகாசி வரை கண்ணாடியை ஒட்டிக் கற்றாழை தவிர வேறு எதுவும் வைக்காதீர்கள், மற்றவை இரண்டடி தள்ளி மெல்லிய திரைக்குப் பின்னால் இருக்கட்டும்.

செடி எங்கே வாங்குகிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். நம் பக்கம் விற்கும் செடிகளில் பல ஓசூர் பக்கத்து நிழல்வலைக் கூடங்களிலிருந்து வருகின்றன. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம், தருமபுரி அதில் பாதிதான். அந்தக் குளிர்ச்சியில் வளர்ந்ததை ஏப்ரலில் இங்கே ஃபேனுக்குக் கீழே வைத்தால் பத்து நாளில் இலை உதிர்க்கும், அது நோய் அல்ல. வந்ததும் இரண்டு வாரம் நிழலான, காற்று அடிக்காத இடத்தில் மற்ற செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள். தொட்டி மாற்றவோ உரம் போடவோ அந்த இரண்டு வாரம் வேண்டாம். தள்ளி வைப்பது மாவுப்பூச்சிக்காகவும்தான். இலைக் கணுவில் வெள்ளைப் பஞ்சுபோலத் தெரிந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய நாலு சொட்டுச் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். வாரம் ஒரு தடவை, மூன்று வாரம்.

நெடுஞ்சாலைத் தூசியும் கிரானைட் தூளும் பறக்கும் ஊர் இது. இலை கொஞ்சம் தூசியைப் பிடித்து வைக்கும் என்பது உண்மை, ஆனால் துடைக்காவிட்டால் அடுத்த காற்றில் அது மறுபடி பறக்கும். வாரம் ஒரு நாள் ஈரப் பருத்தித் துணியால் இலையை அடியில் கை கொடுத்துத் துடையுங்கள். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய், பால் தடவுவது வேண்டாம், தூசி ஒட்டும், எறும்பு வரும்.

அலங்காரத்துக்கு, பத்துச் சிறு தொட்டியைச் சுவரோரம் வரிசையாக அடுக்குவதைவிட ஆளுயர ரப்பர் செடி ஒன்று ஹாலை நிறைவாகக் காட்டும். அதன் காலடியில் உயரம் குறைந்த இசட்இசட் ஒன்று, அலமாரி மேலிருந்து தொங்க மணி பிளான்ட் ஒன்று. பாட்டி காலத்துப் பித்தளை அண்டா இருந்தால் அதற்குள் பிளாஸ்டிக் தொட்டியை இறக்கி வையுங்கள், நேராக அண்டாவில் மண் கொட்டி நடாதீர்கள். பித்தளையும் கெடும், ஓட்டை இல்லாததால் வேரும் அழுகும். மணி பிளான்ட், சிங்கோனியம், பீஸ் லில்லி, டிஃபன்பாக்கியா எல்லாவற்றிலும் வாயை அரிக்கும் ஆக்சலேட் என்ற உப்பின் நுண்ணிய ஊசிகள் உண்டு, தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கைக்கு எட்டாமல் தொங்கவிடுங்கள். ரப்பர் செடியின் பால் தோலில் பட்டால் கழுவிவிடுங்கள். பாட்டிலில் வளர்க்கும் மணி பிளான்ட்டுக்கு வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றும்போது பாட்டிலின் உட்சுவரையும் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு கொசு முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் முட்டை போகாது.

இப்போதைக்கு மூன்று மட்டும் வாங்குங்கள்: கிழக்கு ஜன்னலருகே ரப்பர் செடி, அலமாரி மேல் மணி பிளான்ட், டிவி ஓரத்தில் இசட்இசட். இருக்கிற ஸ்பைடர் பிளான்ட்டையும் பீஸ் லில்லியையும் நன்றாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் புதுக் கலவைக்கு மாற்றி, மழை வரும் வரை ஆர்ஓ குடிநீரில் ஓட்டுங்கள். ஐப்பசி மழையில் டிரம் நிறைந்த பிறகு, அந்த இரண்டிலும் புது இலை சுத்தமாக வருகிறதா என்று பார்த்துவிட்டு, கலாத்தியா மாதிரி ஆசைப்பட்டதை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.